தொர்மாலா ஜனாதிபதிக்கு அமராவதிபுதூரில் கேதம்

தொர்மாலா என்னும் தீவு நாட்டின் ஜனாதிபதி மேதகு ஃபெலிக்ஸ் ஒந்தாரோ ஒரு செவ்வாய்க்கிழமை காலமானார். அந்த நாடு எந்தக் கடலில் கிடக்கிறது என்று காரைக்குடியில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் அன்று சாயங்காலத்துக்குள் மக்கள் ஒளிக் கட்சியின் எங்கள் மாவட்டக் கிளை தாங்கமுடியாத துயரத்தில் மூழ்கிவிட்டது.

காரணம் இருக்கிறது. அந்தக் கட்சியில் அஞ்சலி அணி என்று ஓர் அணி உண்டு. இளைஞர் அணி, மகளிர் அணி, வர்த்தகர் அணி என்று எல்லாவற்றிலும் பதவி கொடுத்து முடித்த பிறகும் ஆட்கள் மிஞ்சினார்கள். கடலே இல்லாத எங்கள் மாவட்டத்தில் மீனவர் அணிக்கே இரண்டு கோஷ்டி. மிஞ்சியவர்களை எங்கே போடுவது என்று மேலிடம் யோசித்து, செத்தவர்களுக்கு அஞ்சலி செலுத்துவதை ஒரு தனித்துறையாக்கி, அதற்கு அழகுராஜாவை மாவட்டச் செயலாளராகப் போட்டது.

அழகுராஜா வேலையில் சுத்தம். அவருடைய கார் டிக்கியில் எப்போதும் ஒரு கூடை ரோஜா இதழ், கறுப்பு பேட்ஜ் ஒரு கட்டு, யார் படத்தையும் சொருகிக்கொள்ளத் தோதான ஒரு சட்டம் இருக்கும். உள்ளூரில் சாவு குறைந்துபோனால் மனிதர் வாடிப்போவார். கட்சிக்கொடியை அரைக்கம்பத்தில் இறக்குவதும் அவர் பொறுப்புதான். போன வருடம் யாருக்கோ இறக்கிய கொடி, கயிறு துருப்பிடித்த கப்பியில் சிக்கி அங்கேயே நின்றுவிட்டதால், இந்தச் சாவுக்கு அந்த வேலை மிச்சம்.

தொர்மாலா விஷயத்தில் மேலிடத்து உத்தரவு கொஞ்சம் கடுமையாக இருந்தது. படத்துக்கு மாலை போட்டால் மட்டும் போதாது, மறைந்தவரின் உறவினரை நேரில் பார்த்து ஆறுதல் சொல்லி, வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் புகைப்படம் அனுப்பவேண்டும். சென்னையில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு என்ன, எழுதிவிட்டார்கள். சிவகங்கை மாவட்டத்தில் ஒந்தாரோவின் உறவினருக்கு எங்கே போவது?

ஆனால் உத்தரவில் தப்புச் சொல்ல அழகுராஜாவால் முடியவில்லை. எங்கள் பக்கத்து முறையும் அதுதானே. கேதம் கேட்பது, அதாவது துக்கம் விசாரிப்பது என்றால், துக்க வீடு என்று ஒன்று வேண்டும். வாசலில் பெஞ்சு போட்டுச் செத்தவரின் பங்காளிகள் உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவர்கள் கைகளைச் சேர்த்து நீட்ட, உட்கார்ந்திருப்பவர்கள் அதைத் தொட்டு வாங்கிக்கொள்வார்கள். நீட்டிய கையைத் தொட ஆள் இல்லை என்றால் அது கேதமே ஆகாது.

அப்போதுதான் அவருக்கு அமராவதிபுதூரில் என் எதிர்வீட்டு முத்துக்கண்ணன் ஞாபகம் வந்தது.

முத்துக்கண்ணனுக்குக் காரைக்குடி செக்காலை ரோட்டில் ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் செய்கிற கடை. முன்னே தொர்மாலாவில் ஒரு மீன் துறைமுகத்தில் ஐஸ் பிளாண்ட் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். ஒருநாள் ஒந்தாரோ துறைமுகத்தைப் பார்வையிட வந்தபோது, "இந்த ஐஸ் மெஷினை யார் பார்க்கிறது?" என்று கேட்டு, இவர் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். திரும்பி வந்த நாளிலிருந்து டீக்கடையில் இந்தக் கதையைக் கேட்காத ஆள் கிடையாது. என்னிடம் மட்டும் எத்தனையோ தடவை, மழைக்காலம் வெயில்காலம் என்று பார்க்காமல் சொல்லியிருக்கிறார். புண்ணியவான் நுணலும் தன் வாயால் கெடும் என்பதை மறந்துவிட்டார்.

புதன்கிழமை அழகுராஜா கடைக்குப் போய், ஒரு பழைய கம்ப்ரசர் மேல் உட்கார்ந்து, முத்துக்கண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மனசத் தேத்திக்கங்கண்ணே. நாங்க இருக்கோம்."

"யாருக்கு என்ன ஆச்சு?" என்று முத்துக்கண்ணன் பதறிப்போனார்.

"ஒங்க ஒந்தாரோதாண்ணே. நாளைக்குக் கட்சி சார்பா ஒங்க வீட்டுக்குக் கேதம் கேக்க வாரோம்."

"என் வீட்டுக்கா? நான் அந்த மனுசனுக்கு என்ன ஒறவு?"

"கையப் புடிச்சிருக்காருல்ல? இந்த மாவட்டத்துல வேற யாரு கையப் புடிச்சாரு, சொல்லுங்க. கல்யாணத்துலயே கையப் புடிச்சாத்தானண்ணே ஒறவு."

முத்துக்கண்ணன் கைகளை உருவிக்கொண்டு வீட்டு விசேஷத்தைச் சொன்னார். வியாழக்கிழமை அவர் மகள் தேவிகாவுக்குப் பூ வைக்க நாச்சியாபுரத்திலிருந்து வருகிறார்கள். பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, பெண் அவர்கள் வீட்டுப் பெண். மாப்பிள்ளை சதீஷ்குமார் வெளிநாட்டில் வேலை பார்க்கிற பையன். ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறவேண்டும், அதற்குள் வேறு நல்ல நாள் கிடையாது. பெண்ணும் பையனும் ஏற்கெனவே போனில் பேசிப் பிடித்துப்போய், இது நடக்கவேண்டுமே என்று ஊரில் உள்ள சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

"பூ எத்தன மணிக்குண்ணே?"

"பத்தரைக்கு மேல, பன்னண்டுக்குள்ள."

"அப்ப கவலய விடுங்க. நாங்க ஒம்பதுக்கு வந்து பத்துக்குள்ள அழுது முடிச்சிருவோம். எங்க அணி நேரந் தவறாம அழுகுறதுல மாநிலத்துலயே பேரு வாங்குனது."

முத்துக்கண்ணன் அப்போதே முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவருக்கு ஒந்தாரோவின் மேல் உண்மையிலேயே ஒரு பிரியம் உண்டு. ஐஸ் பிளாண்டில் வேலை பார்த்த எத்தனையோ பேரில் ஒருவன் கையைப் பிடித்த மனிதர். செத்துப்போனார் என்று கேட்டதிலிருந்து மனது சரியில்லை. நாலு பேர் வந்து கும்பிட்டுவிட்டுப் போனால் போகட்டுமே என்று தலையை ஆட்டிவிட்டார்.

வீட்டில் அவர் மனைவி பாண்டீஸ்வரி தலையை ஆட்டவில்லை.

"நல்லது நடக்கப் போற வீட்டுல கேதமா? ஒங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? வாரது யாருன்னு தெரியுமில்ல? மாப்பிள்ளைக்கு அப்பா கருத்தையா. மொற தப்புனா சாப்புட்ட எலையில இருந்து எந்திரிச்சுப் போற மனுசன்!"

அது உண்மைதான். நாச்சியாபுரம் கருத்தையாவுக்கு நிலம் நீச்சு நிறைய. அதைவிட அதிகமாக முறை வைத்திருந்தார். யார் முதலில் கோடித்துணி போடுவது, எந்த உறவுக்கு எத்தனை நாள் தீட்டு, யார் மொட்டை எடுக்கவேண்டும் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் சந்தேகம் வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தீட்டு உள்ள வீட்டில் அவர் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

தேவிகா அடுப்படியிலிருந்து, "ஏப்பா, அந்த ஜனாதிபதிக்குச் சாகுறதுக்கு வேற வாரமே கெடைக்கலையா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், ஆனால் கண் கலங்கியிருந்தது என்று பாண்டீஸ்வரி பிறகு என் வீட்டில் சொன்னார்.

வியாழன் விடிந்ததும் சாமியானா வந்தது. பின்னாலேயே நாற்காலிகள், மைக் செட், கொட்டுக்காரர்கள் வந்தார்கள். தெருமுனையில் 'கண்ணீர் அஞ்சலி' என்று ஒரு ஃபிளக்ஸ் ஏறியது. அதில் கட்சித் தலைவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே 'சொல்லொணாத் துயரில் வாடும் முத்துக்கண்ணன் குடும்பத்தார்' என்று போட்டிருந்தது. என் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் அதைப் படித்துவிட்டு முத்துக்கண்ணன் வீட்டுக்குப் பால் ஊற்றாமல் போய்விட்டார்.

ஒன்பதுக்கு வருவதாகச் சொன்ன அணி ஒன்பதரைக்கு வந்தது. வந்தவுடன் ஒரு நடைமுறைச் சிக்கல். வாசலில் போட்டிருந்த நீளப் பெஞ்சில் முத்துக்கண்ணன் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். படம் எடுத்துப் பார்த்தால், பஸ் தவறவிட்டவர் மாதிரி தெரிந்தது. உறவினர் போதாது என்று அழகுராஜா முடிவு செய்து, ஒன்றிய நிர்வாகிகளைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். அவர்களும் தோளில் கிடந்த துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். நகர நிர்வாகிகள் வரிசையாக வந்து கை நீட்டினார்கள். உடனே ஒன்றியம், துக்கம் விசாரித்த படத்தில் தாங்கள் இல்லையே என்று கோபித்துக்கொண்டது. ஆகவே நகரம் உட்கார்ந்தது, ஒன்றியம் வந்து கேட்டது. இப்படி மாற்றி மாற்றி ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டார்கள். முத்துக்கண்ணன் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. எல்லாக் கையையும் தொட்டுத் தொட்டு அவருக்கு விரல் மரத்துவிட்டது.

அடுத்து ஒரு ஃப்ரீசர் பெட்டி வந்தது.

"இது எதுக்கு?" என்று முத்துக்கண்ணன் அரண்டுபோய்க் கேட்டார். "பாடிதான் அங்க இருக்கே."

"பாடி இல்லாட்டி என்னண்ணே, படம் இருக்குல்ல. பெட்டி இல்லாம வெறும் படத்த வச்சா, பெறந்தநாள் கொண்டாடுற மாதிரி இருக்கும்."

ஒந்தாரோவின் படத்தைப் பெட்டிக்குள் படுக்கவைத்து, மூடி, பிளக்கைச் சொருகினார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து படம் மறைந்துபோனது. பெட்டியை வாடகைக்கு விட்டவர் போனை எடுக்கவில்லை. அழகுராஜா முத்துக்கண்ணனின் காதோரம் குனிந்து, "அண்ணே, தப்பா நெனைக்காதீக. கூலிங் சரியில்ல போல. நீங்கதான் மெக்கானிக்கு..." என்றார்.

மகளுக்குப் பூ வைப்பதற்காகக் கட்டிய புது வேட்டியோடு முத்துக்கண்ணன் பெட்டிக்கு அடியில் குனிந்து, தெர்மோஸ்டாட்டைத் திருகினார். எரிச்சலில் அவர் முகம் கோணிப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து எடுத்த படம்தான் மறுநாள் கட்சிப் பத்திரிகையில் 'காலடியில் கதறும் உறவினர்' என்று வந்தது.

பிறகு மௌன அஞ்சலி. எல்லாரும் எழுந்து நின்றார்கள். அழகுராஜா மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"நிர்வாகிகளே, இப்போது மௌனம் நடந்துகொண்டிருக்கிறது. பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து மௌனத்தில் கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். மௌனத்துக்கு முன்னிலை வகிக்கும் ஒன்றியச் செயலாளர் அவர்களை வரவேற்கிறேன். மௌனத்துக்கு இடைஞ்சலாக நிற்கும் பைக்கை உரியவர்கள் எடுத்துவிடவும். மௌனத்துக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி."

மௌனம் முடிந்ததே தெரியவில்லை. ஏனென்றால் அழகுராஜா அப்படியே உரைக்குள் போய்விட்டார்.

"தொர்மாலாவை நான் பார்த்ததில்லை. பார்க்காமலே ஒரு நாட்டை நேசிக்கிற கட்சி எங்கள் கட்சி. எங்கள் தொகுதியையும் நாங்கள் அப்படித்தான் நேசிக்கிறோம். ஒந்தாரோ அவர்கள் பதவியில் ஏறிய நாள்முதல் சாகும்வரை இறங்கவே இல்லை. தேர்தல் என்ற தொந்தரவை அவர் மக்களுக்குக் கொடுத்ததே இல்லை. இப்படி ஒரு மக்கள்தொண்டை நினைத்தால் எங்களுக்கெல்லாம் ஏக்கமாக இருக்கிறது. அவர் எனக்குத் தலைவர் இல்லை, நண்பர் இல்லை. அண்ணன்! என் கூடப்பிறந்த அண்ணன்!"

பெஞ்சில் இருந்தவர்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முத்துக்கண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து தாண்டிவிட்டிருந்தது.

"அழகு, போதும்யா. அவுக வார நேரம்," என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

அழகுராஜா நல்ல மனிதர்தான். முடித்தும் இருப்பார். ஆனால் அந்தச் சமயத்தில் தெருமுனையில் இன்னொரு கொட்டுச் சத்தம் கேட்டது. அசல் மக்கள் ஒளிக் கட்சி வந்துகொண்டிருந்தது. இது முந்தைய கட்சியிலிருந்து பிரிந்துபோன கட்சி. கொள்கையில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை, இருப்பதற்குக் கொள்கையும் இல்லை. மாவட்டத்தில் ஒரே ஒரு உறவினர்தான் இருக்கிறார், அவரையும் எதிரி கைப்பற்றிவிட்டான் என்று கேள்விப்பட்டு, அதன் மாவட்டச் செயலாளர் மருதுபாண்டி ஆள்திரட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மருதுபாண்டி என்றால் மீசை. காது வரைக்கும் போய்த் திரும்பி மேலே ஏறுகிற மீசை. அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் பாதிப்பேர் மீசைக்குத்தான் போட்டார்கள். அவர் சொந்தமாகப் பெஞ்சு கொண்டுவந்திருந்தார். அதை முத்துக்கண்ணன் வீட்டு வாசலின் இங்குட்டுப் போடுவதா அங்குட்டுப் போடுவதா என்று சச்சரவு எழுந்து, கடைசியில் முத்துக்கண்ணனை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டுச் சமாதானம் ஆனார்கள்.

மருதுபாண்டியும் மைக்கைப் பிடித்தார்.

"முன்னால் பேசியவர் அண்ணன் என்றார். அண்ணனாம் அண்ணன்! உங்கள் துக்கம் அவ்வளவுதானா? எனக்கு ஒந்தாரோ தகப்பன்! இதை இந்த மீசை மேல் சத்தியமாகச் சொல்கிறேன். பெற்ற தகப்பன் செத்தபோதுகூட நான் இப்படி அழவில்லை. ஏனென்றால் அன்றைக்குப் பொதுக்குழு இருந்தது. இன்று எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை, ஆகவே மனம்விட்டு அழுகிறேன்!"

அவர் அழுதது நன்றாகவே இருந்தது. அண்ணன் கட்சிக்காரர்கள் தோற்றுவிடக் கூடாதே என்று இன்னும் சத்தமாக அழுதார்கள். கொட்டுக்காரர்கள் இரண்டு கோஷ்டியும் போட்டிபோட்டு அடித்தார்கள். இந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு வேன் வந்து தெருவில் நின்றது.

வேனின் முன்கண்ணாடியில் பூமாலை. உள்ளே பட்டுப்புடவைகள், தாம்பாளத் தட்டுகள், மல்லிகைப் பந்துகள். முதலில் கருத்தையா இறங்கினார். பந்தலைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "தட்டு எதையும் எறக்காதீக," என்று வேனுக்குள் பார்த்துச் சொன்னார். முத்துக்கண்ணனுக்கு உயிர் போய்விட்டது. சன்னலுக்குப் பின்னால் தேவிகா நின்றுகொண்டிருந்தாள். வேனுக்குள் சதீஷ்குமார் எழுந்து நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் குனிந்தபடி இருந்தான்.

கருத்தையா திரும்பிப் போய்விடவில்லை. கேத வீட்டைக் கண்டு விசாரிக்காமல் போவது முறை அல்ல. தோள்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, வரிசையில் நின்று, முறைப்படி முத்துக்கண்ணனிடம் வந்து இரண்டு கைகளையும் நீட்டினார். சம்பந்தியாகப் போகிறவரின் கையை முத்துக்கண்ணன் மரத்த விரலால் தொட்டார்.

கருத்தையா எதிரில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எப்ப?"

"செவ்வாக்கெழமைங்க."

"அட அங்காளம்மா. எடுத்தாச்சா?"

"தெரியலங்க. டிவியில போட்டாத்தான் தெரியும்."

கருத்தையாவின் முகம் மாறியது. தன் வீட்டுப் பிணத்தை எடுத்தாயிற்றா என்று தெரியாத ஒருவரை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அதற்கு மேல் பாண்டீஸ்வரியால் பொறுக்கமுடியவில்லை. வாசலுக்கே வந்துவிட்டார். "அண்ணே, எங்க வீட்டுல யாரும் சாகல. எங்கயோ ஒரு தீவுல ஒரு ஜனாதிபதி செத்தாராம். எங்க வீட்டு ஆளு அங்க ஐஸ் மெசினு பாத்தாரு, அம்புட்டுத்தான். நாங்க ஒருசொட்டு அழுகல. அண்ணன்னு அழுதது இவுக, அப்பன்னு அழுதது அவுக. மைக்குல தெருவே கேட்டுச்சு. எம்மக பூவுக்காகத் தலயச் சீவிக்கிட்டு நிக்கிறாண்ணே!" கடைசி வார்த்தையில் அவருக்கு அழுகை வந்துவிட்டது. அன்று காலையிலிருந்து அந்தப் பந்தலில் விழுந்த முதல் நிஜக் கண்ணீர் அதுதான்.

கொட்டு நின்றது. கருத்தையா மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தார். இனி இது சம்பந்தம் பேசுகிற விஷயம் இல்லை, முறை சம்பந்தப்பட்ட விஷயம். அதில் அவருக்கு அவசரம் கிடையாது.

"ஏங்க, நீங்க செத்தவுகளுக்கு என்ன மொற?" என்று முத்துக்கண்ணனைக் கேட்டார்.

"மொறயே இல்லீங்க. ஒருதடவ கையக் குடுத்தாரு. நல்ல மனுசன்."

"அப்ப ஒங்களுக்குத் தீட்டு இல்ல. வருத்தப்படலாம், அது தப்பில்ல." பிறகு அழகுராஜாவின் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க?"

அழகுராஜா பழக்க தோஷத்தில் நெஞ்சில் கையை வைத்தார். "அண்ணன்யா! கூடப் பெறந்த அண்ணன்!"

"கூடப் பெறந்த அண்ணன்னா பங்காளி. பதினாறு நாள் தீட்டு. மொட்டை எடுக்கணும். பதினாறு கழியிற வரைக்கும் ஒரு நல்லது பொல்லதுக்குப் போகக்கூடாது. பெஞ்சுல இருந்து கை வாங்குன எல்லாருக்கும் அதே மொறதான்."

கருத்தையா இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அவருக்குக் கேலி செய்யத் தெரியாது. நாச்சியாபுரத்தில் எத்தனையோ வீட்டு வாசலில் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். அது அழகுராஜாவுக்கும் தெரிந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை கட்சித் தலைவர் காரைக்குடிக்கு ஒரு கல்யாணத்தை நடத்திவைக்க வருகிறார். தலைவர் சகுனம், தீட்டு எதையும் பார்ப்பதில்லை. அவருக்காக அவர் வீட்டு அம்மா பார்ப்பார். தீட்டுக்காரன் போட்ட சால்வை என்று காதில் விழுந்தால், அஞ்சலி அணிக்கே அஞ்சலி நடந்துவிடும்.

"ஐயா, அது வந்து, பேச்சுக்குச் சொன்னது..."

"எழவு வீட்டுல பேச்சுக்குச் சொல்லுவாகளா?" என்று கருத்தையா உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். பிறகு மருதுபாண்டியைப் பார்த்தார். "நீங்க மகன்னு சொன்னீக."

மருதுபாண்டி மைக்கை அணைத்தார். அடுத்த திங்கட்கிழமை அவருடைய புதுக் கல்யாண மண்டபத்துக்குத் திறப்பு விழா.

"தகப்பனுக்கு மகன்னா மொட்டையோட போகாது, மீசையும் எடுக்கணும். அதுவும் இன்னைக்கே. நாவிதருக்குச் சொல்லி விட்டாச்சா?"

மருதுபாண்டியின் கை தானாக மீசைக்குப் போனது. "யாரு மகன்? நான் என்ன சொன்னேன்? தகப்பன் மாதிரின்னேன். வேற சாதி, வேற நாடு, எனக்கு எப்படிய்யா தகப்பனாவாரு? ஒறவு பாத்தா நாங்க... நாங்க மாமன் மச்சான் வழி. எங்களுக்குத் தீட்டு வராது. இவுகதான் பங்காளி!"

"நாங்க எப்புடிய்யா பங்காளி?" என்று அழகுராஜா எகிறினார். "நாங்க ஒண்ணுவிட்ட சம்பந்தி!"

"அப்பன்னு மைக்குல சொன்னது ஆரு?"

"அண்ணன்னு கதறுனது ஆரு?"

ஐந்து நிமிடத்துக்கு முன்னால் ஒந்தாரோவை விட்டுக்கொடுக்காமல் சண்டை போட்டவர்கள், இப்போது அவரை ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்த்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்றியமும் நகரமும் முள் குத்தினாற்போல் எழுந்துவிட்டன. ஒருவர், தான் உட்காரவே இல்லை, செருப்பு மாட்டக் குனிந்ததாகச் சாதித்தார். இன்னொருவர் தான் எந்தக் கட்சியிலும் இல்லை என்றே சொல்லிவிட்டார்.

கேத வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லிக்கொள்ளாமல் போகவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த ஒரு முறையை மட்டும் இரண்டு கட்சியும் குறைவில்லாமல் கடைப்பிடித்தன. கொடி போனது, கொட்டு போனது, பெஞ்சைக்கூட ஓட்டமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஃபிளக்ஸைக் கழற்றி மடித்து ஆட்டோவில் திணித்தார்கள். பெட்டியை எடுக்க மட்டும் ஆள் இல்லை. அவசரத்தில் யாரோ படத்தை உருவி வெயிலில் கிடந்த நாற்காலியில் சாய்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

முத்துக்கண்ணன் அந்தப் படத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். "பாவம்யா இந்தாளு," என்று என்னிடம் சொன்னார். துண்டால் கண்ணாடியைத் துடைத்து, அதைத் தன்னுடைய கடை வேனுக்குள் நிழலாகப் பார்த்து வைத்தார். ஒந்தாரோவுக்கு எங்கள் ஊரில் நடந்த அஞ்சலி அவ்வளவுதான்.

"வாசலுக்குத் தண்ணி தெளிங்க. மஞ்சத்தண்ணி," என்றார் கருத்தையா. "மணி என்ன?"

"பதினொண்ணே கால்," என்றேன்.

"நேரம் கெடக்கு. தட்ட எறக்குங்க."

அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவன்போல் சதீஷ்குமார் இரண்டு கையிலும் இரண்டு தட்டை ஏந்திக்கொண்டு முதல் ஆளாகக் குதித்தான். மாப்பிள்ளை தட்டுத் தூக்கக் கூடாது என்று கருத்தையா அதட்டினார். அவன் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அரசியல்வாதிகளின் சாமியானாவும் நாற்காலியும் விருந்துக்குச் சரியாக இருந்தன. மாப்பிள்ளையின் தாயார் செந்தாமரை தேவிகாவின் தலையில் மல்லிகையை வைத்தபோது பாண்டீஸ்வரி ஒரு குலவை போட்டார் பாருங்கள், காலையில் அடித்த இரண்டு கொட்டும் சேர்ந்தாலும் அவ்வளவு சத்தம் வராது. முத்துக்கண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அழுதார், இரண்டும் ஒன்றாக வந்தது.

பந்தி நடக்கும்போது அழகுராஜா ஃப்ரீசர் பெட்டியை எடுக்கத் திரும்பி வந்தார். சிரித்த முகம், புதுச் சட்டை, கறுப்பு பேட்ஜ் இல்லை. வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பலாமா? முத்துக்கண்ணன் இலை போட்டார். கருத்தையாவுக்குப் பக்கத்து இலை. அழகுராஜா இரண்டாவது முறை பாயாசம் வாங்கிக்கொண்டு, பேச்சுக் கொடுத்தார்.

"தங்கமான மாப்பிள்ளை. எந்த நாட்டுல இருக்காகய்யா?"

"கம்ப்ராவாங்கிற நாடு," என்றார் கருத்தையா பெருமையாக. "அங்க பெரிய கம்பெனி. போன மாசம் அந்த நாட்டு ராசாவே வந்து எங்க பயலோட நின்னு படம் எடுத்துக்கிட்டாரு. தோள்ல கையப் போட்டு."

"தோள்லயா?" அழகுராஜா பாயாசத்தைக் கீழே வைத்தார். இடதுகையால் போனை எடுத்து எதையோ தட்டிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "ராசாவுக்கு வயசு தொண்ணூத்தி ரெண்டாமே?"

"இருக்கும். படத்துலயே ரெண்டு பேரு தாங்கிப் புடிச்சிருக்காக."

எதிர்ப்பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த முத்துக்கண்ணனின் கையில் சாம்பார் வாளி அப்படியே நின்றது.

அழகுராஜா கருத்தையாவின் இலைக்கு அருகில் சாய்ந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார். "நாச்சியாபுரத்துல ஒங்க வீட்டு வாசல்ல பந்தல் போட எடம் தோதுப்படுமாய்யா?"

கல்யாணத்தைத்தான் கேட்கிறார் என்று கருத்தையா நினைத்துக்கொண்டார். இலையிலிருந்து நிமிர்ந்து, மனம் நிறைந்து சொன்னார்:

"ஊரே ஒக்காரலாம். கட்டாயம் வந்துருங்க."